நாவுல பஸ்ஸுக்கு முந்திய முடிவு

தியேட்டர் வாசலில் டிக்கட்டைக் கிழிக்கும்போதே மஹ்ரூப் நானா படத்தின் முடிவையும் சொல்லிவிடுவார். "கடைசில தாயும் புள்ளயும் சேர்ந்துருவாங்க, ராத்தா. தைரியமாப் போங்க." பாதி டிக்கட் உங்களுக்கு, பாதி அவருக்கு, கதை முழுவதும் உங்களுக்கே.

இதைக் கெட்ட பழக்கம் என்று மாத்தளையில் யாரும் சொன்னதில்லை. நாவுலைக்குப் போகும் கடைசி பஸ், மாலைக் காட்சி முடியச் சற்று முன்னரே புறப்பட்டுவிடும். வில்லன் கத்தியை ஓங்கும் நேரம் கலரி பெஞ்சுகளில் பாதிப்பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அப்படி எழுந்து போனவர்கள் மறுநாள் கத்தரிக்காய் மூட்டையோடு சந்தைக்கு வந்து, "அந்தப் பொண்ணு செத்துச்சா, இல்லையா?" என்று தியேட்டர் கதவைத் தட்டியதிலிருந்து தொடங்கிய தர்மம் இது.

ஒல்லியான ஆள். வெள்ளைத் தொப்பி, காக்கிக் கோட்டு. கோட்டு முதலாளி தந்தது. பித்தளைப் பொத்தான்கள் சொந்தச் செலவு. சோகப் படமென்றால் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொள்வார். இங்கிலீசுப் படத்தையும் முதற்காட்சியிலேயே நின்றபடி பார்த்து முடித்துவிடுவார். "பாஷ என்னத்துக்கு? கெட்டவன் கையுறை போடுவான், நல்லவன் மழையில நனைவான். அவ்வளவுதான்."

போன வாரம் வந்த திகில் படத்துக்கும் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். மலை உச்சியில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளிக்கூடம். ஒரு பிள்ளை காணாமல் போகிறாள். "அப்படியொருத்தி இங்கே இருந்ததே இல்லை" என்கிறார்கள் எல்லோரும். தோழிக்கே தன் புத்தி பேதலித்ததோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது. பிள்ளையை மறைத்தவள், இடுப்பில் சாவிக்கொத்தோடு திரியும் விடுதி மேட்ரன்தான். நான் விரலிடுக்கு வழியாகப் பார்த்து முடித்துவிட்டேன். என் தலைக்கு மேல் யாரும் பலகை மாட்டவில்லை, சொல்லிவிட்டேன்.

நானாவின் தலைக்கு மேல் மாட்டியிருந்தார்கள். 'முடிவை எவருக்கும் சொல்லாதீர்கள்' என்று மூன்று மொழிகளில். முதலாளி மாணிக்கவாசகம் கொழும்பிலிருந்து கொண்டுவந்த யோசனை. "இந்த ஒரு படத்துக்காவது வாயக் கட்டு. முடிவு வெளிய போச்சுன்னா நீயும் வெளியதான்." மகள் றம்லாவுக்குக் கல்யாணம் பேசியிருக்கும் நேரம். வேலை போன மாமனாரை எந்தச் சம்பந்தி வீட்டில் உட்காரச் சொல்வார்கள்? நானா வாயைக் கட்டினார்.

அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கரான தில்லையம்பலம், "முடிவு தெரிஞ்சால் பிறகென்ன படம்?" என்று பலகைக்கு எல்லோர் முன்னிலையிலும் ஆதரவு தெரிவித்தார். பிறகு தேநீர்க் கடைப் பக்கமாக நானாவை ஒதுக்கி, "கெட்ட ஆள் ஆர் எண்டு மட்டும் சொல்லும். என்ர நெஞ்சு வலிக்குத் திடுக்கிடுறது கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்" என்றார்.

"அப்ப டொக்டருக்கிட்டயே கேளுங்க, ஐயா."

சனிக்கிழமை பின்னேரம் சரோஜினிதேவி வந்தார். ஊரிலுள்ள பெண்கள் விடுதிக்கு மேட்ரன். பின்னால் வெள்ளைச் சட்டையில் பிள்ளைகள், இரண்டிரண்டாக. விடுதிப் படம் என்றதும் ஒழுக்கப் படம் என்று நினைத்து, பள்ளி அதிபரிடம் தாமே அனுமதி வாங்கிக் கூட்டிவந்திருக்கிறார்.

"மஹ்ரூப், பிள்ளையளுக்குக் காட்டக் கூடாதது ஏதும் இருக்கே? ஆர் அதில கெட்ட ஆள்?"

நானா வாயைத் திறந்தார். மாடிப்படியில் முதலாளி நின்றிருந்தார். நானா வாயை மூடிக்கொண்டார்.

"என்ன, ஊமையாப் போனீரோ?"

நானாவின் கண்கள் பலகைக்குப் போய், படிக்குப் போய், பிள்ளைகளின் வரிசைக்கு வந்தன. படத்து மேட்ரனைப் பார்த்த பிறகு இந்தப் பிள்ளைகள் இந்த அம்மாவோடுதான் விடுதிக்குத் திரும்பிப் போகவேண்டும். அவருடைய சுட்டுவிரல் மெல்ல எழுந்து, மேட்ரனின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்துக்கு நேரே நின்றது.

சரோஜினிதேவி விரலைப் பார்த்தார். சாவிக்கொத்தைப் பார்த்தார். முன் வரிசையில் ஒருத்தி சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினாள். பாதியில் திரும்பிப் போனால் அதிபரிடம் என்னவென்று சொல்வது? மேட்ரன் கொத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு அழுத்தி மூடினார்.

"நேர பாத்து நடவுங்கோ" என்று பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுத் தாமும் போனார்.

முதலாளி படியிறங்கி வந்தார். "என்னய்யா சொன்ன அந்தம்மாகிட்ட?"

"ஒரு வார்த்த சொல்லல, முதலாளி. அந்தம்மாவே ஊமைன்னுட்டுப் போறாங்க."

அது உண்மைதான். முதலாளி திருப்தியோடு டிக்கட் ஜன்னல் பக்கம் திரும்பினார். வரிசையில் அடுத்து நின்றவள் ஜுனைதா, நாவுலைக்காரி, இடுப்பில் குழந்தை. எதுவும் கேட்காமல் புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

மஹ்ரூப் நானா அவளது டிக்கட்டைக் கிழித்தார். பிறகு காக்கிக் கோட்டின் இடுப்பில் கைவைத்து, அங்கே இல்லாத ஒரு சாவிக்கொத்தை மெதுவாக ஆட்டிக் காட்டினார்.