ஒரு சுற்று கூடுதல்

அறுபதுகளின் கடைசியில் நான் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர இரண்டு வருட ஏற்பாட்டில் இங்கிலாந்திலிருந்து ஒருவர் வந்தார். முப்பது தாண்டிய வயது, ஒல்லி. ஆசிரியர் அறையில் காலியாக இருந்தது என் பக்கத்து நாற்காலிதான். அதனால் எனக்கு நண்பரானார்.

வந்த மூன்றாம் நாள் காலையில் அரை டிராயரும் பனியனுமாகத் தெருவில் ஓடினார். எங்கள் ஊரில் அதுவரை யாரும் காரணம் இல்லாமல் ஓடியதில்லை. பால்காரர் சைக்கிளை நிறுத்தி என்னிடம் கேட்டார்.

"ஏன் சார், தொரைய யாராவது தொரத்திக்கினு வராங்களா?"

இல்லை என்றேன். பஸ்ஸைத் தவறவிட்டாரா என்றார். அதுவும் இல்லை என்றதும், உடம்புக்கு ஏதோ என்று அவரே முடிவு செய்துகொண்டார். மறுநாளிலிருந்து துரைக்கு மட்டும் தண்ணீர் கலக்காமல் பால் ஊற்றினார்.

காலையில் நெசவாளர்கள் தெரு நீளத்துக்குப் பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டி இழை சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் ஓடி வந்து பாவுக்கு முன்னால் நிற்பார், மன்னிப்புக் கேட்பார், திரும்பி ஓடுவார். ஒரே வாரத்தில் பள்ளி மைதானத்துக்கு மாறிவிட்டார். அங்கே என்னைச் சுற்று எண்ணச் சொன்னார்.

ஓடுகிறவரே எண்ணிக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பத்து வருடம் தன் நாட்டில் ஆறு மைல் பந்தயம் ஓடியவர். இருபத்து நான்கு சுற்று. பெரும்பாலும் நான்காவதாக வருவார், இல்லாவிட்டால் ஐந்தாவதாக. ஒரே ஒரு முறை, நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயத்தில், எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தார். கடைசிச் சுற்று என்று நினைத்து உயிரைக் கொடுத்து ஓடினார். கோட்டைத் தாண்டியதும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார். இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். மறுபடி ஓடப் பார்த்தபோது கால் வரவில்லை. எட்டாவதாக முடித்தார். அதோடு பந்தயத்தை விட்டுவிட்டார், ஓட்டத்தை விட முடியவில்லை. இவ்வளவையும் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். சட்னி காரம் என்பதையும் இடையில் சொன்னார்.

எங்கள் மைதானம் சுற்றுக்கு முந்நூறு மீட்டர். பத்தாயிரம் மீட்டர் என்றால் முப்பத்து மூன்று சுற்றும் மூன்றில் ஒரு பங்கும். நூறு மீட்டர் பின்னால் தள்ளித் தொடங்கினால் கோட்டை முப்பத்து நான்கு முறை தாண்ட வேண்டும். கால்சட்டையின் இடது பையில் முப்பத்து நான்கு புளியங்கொட்டை போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு முறை அவர் தாண்டும்போதும் ஒன்று வலது பைக்குப் போகும். மூன்று மாதத்தில் ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

அந்த வருடம் ஊர் விளையாட்டு விழா எங்கள் மைதானத்தில் நடந்தது. பத்தாயிரம் மீட்டரும் உண்டு. நான் எண்ணுவதாக இருந்தால் ஓடுகிறேன் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்பது பேர் ஓடினார்கள். பாதியில் ஆறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சம் இவர், இவருக்கு நூறு மீட்டர் பின்னால் ஒரு போலீஸ்காரர், எங்கேயோ பின்னால் ஒரு தபால்காரர். ஆளுக்கொரு வாத்தியார் எண்ணினோம். இருபத்தாறாவது சுற்று வாக்கில் ஹெட்மாஸ்டர் விழாத் தலைவரை என்னிடம் கூட்டி வந்தார். எழுந்து கும்பிட்டேன். தலைவர் எனக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். உட்கார்ந்தேன்.

முடிவில் போலீஸ்காரருக்குக் கடைசிச் சுற்று மணி அடித்தது. என் இடது பையில் இன்னும் இரண்டு கொட்டை இருந்தது. போலீஸ்காரருக்கு எண்ணியவர் தப்பு செய்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் தமிழ் வாத்தியார். என் நண்பர் கோட்டைத் தாண்டி வந்து என்னைப் பார்த்தார். ஒரு விரலைக் காட்டினேன். கோட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினார். பின்னால் வந்த போலீஸ்காரரை ஜனங்கள் தோளில் தூக்கினார்கள்.

தமிழ் வாத்தியார் காகிதத்தைக் காட்டினார். முப்பத்து நான்கு கோடு, தெளிவாக. அப்போதுதான் எனக்கு விழாத் தலைவர் ஞாபகம் வந்தது. அவரைக் கும்பிட்டு நின்றபோது ஒரு கொட்டை பை மாறவில்லை. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது. கூட்டத்துக்குள் வழி கேட்டுக் கேட்டு என் நண்பர் தனியாக ஒரு சுற்று முடித்து வந்தார். இரண்டாம் பரிசு.

தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். தன் கணக்குப்படி அப்போதே முடிந்துவிட்டது என்றார். பின்னே ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன்.

"அன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத்தான் இருந்தது" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.

ஹெட்மாஸ்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். சான்றிதழை நல்ல கையெழுத்தில் எழுதியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

மறுநாள் காலை அந்தப் போலீஸ்காரர் யூனிஃபார்மோடு பள்ளிக்கு வந்தார். கையில் முதல் பரிசான எவர்சில்வர் குடம்.

"கடைசி வரைக்கும் அவரு முதுகத்தான் சார் பாத்துக்கினு வந்தேன். அவருதான் முன்னாடி முடிச்சாரு. இத அவருகிட்ட குடுத்துடுங்க."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நண்பர் குடத்தைச் சுற்றிப் பார்த்தார். தன் வீட்டில் குழாய் இருக்கிறது, குடத்துக்கு வேலை இல்லை என்றார். அதற்குப் பதிலாக, காலையில் கூட ஓட வருவாரா என்று கேட்கச் சொன்னார். டியூட்டி இல்லாத நாளில் வருவதாகப் போலீஸ்காரர் சொன்னார்.

அதன்பின் இருவரும் செவிலிமேடு வழியாகப் பாலாற்று மணல்வரை ஓடிவிட்டுத் திரும்பினார்கள். அந்தப் பாதையில் சுற்று கிடையாது, எண்ண ஆள் வேண்டாம். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானும் சைக்கிளில் பின்னால் போக ஆரம்பித்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஊர் திரும்பிய அடுத்த வருடம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. மறுபடி பந்தயத்தில் ஓடியதாகவும் ஒன்பதாவதாக வந்ததாகவும் எழுதியிருந்தார். எத்தனை பேர் ஓடினார்கள் என்று எழுதவில்லை. போலீஸ்காரருக்குப் படித்துக் காட்டினேன்.

"பரவால்ல சார்" என்றார். "அங்க எல்லாருமே ஓடறவங்களா இருப்பாங்க."