தலையணை மேல் வைத்த பணம்

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த உணவகத்தில் முப்பத்துநான்கு வருடம் பரிமாறிவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். அந்த முப்பத்துநான்கில் முக்கால்வாசியும் ஜன்னலோரத்து ஏழாம் எண் மேசையில் கழிந்தது. அதனால் முதலாளியிலிருந்து பாத்திரம் கழுவுகிறவர் வரை யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ஏழாம் டேபிள்தான். வீட்டிலும் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டால், "ஏழாம் டேபிளுக்கு இன்னிக்குக் காபி கிடையாது" என்று சமையலறையிலிருந்து அறிவிப்பு வரும்.

டிப்ஸ் விஷயத்தில் அவர் கரை கண்டவர். யார் வைப்பார்கள், யார் பல் குத்திக்கொண்டே நழுவுவார்கள் என்பதை, வந்தவர் நாற்காலியை இழுக்கிற விதத்திலேயே சொல்லிவிடுவார். ஆனால் அள்ளிக் கொடுப்பவர்களை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சாஸருக்கு அடியில் பணத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்களைத்தான் பிடிக்கும். "கையில குடுத்தா நாம சலாம் போட வேண்டியிருக்கு. சாஸருக்கு அடியில வெச்சுட்டுப் போனா ரெண்டு பேருக்கும் மரியாதை" என்பார்.

அவருடைய மகள் பயண ஏற்பாடு செய்கிற அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தாள். ஊழியர்களின் பெற்றோருக்குப் பாதி விலையில் ஐந்து நாள் கப்பல் பயணம் என்று ஒரு சலுகை வந்தபோது, கேட்காமலே இரண்டு டிக்கெட் போட்டுவிட்டாள். கிளம்புவதற்கு முந்தின வாரம் தொலைபேசியில் சொன்னாள்.

"அப்பா, ஒரு விஷயம். கப்பல்ல யாருக்கும் டிப்ஸ் குடுக்காதே. அதையெல்லாம் டிக்கெட்லயே சேர்த்து எடுத்துட்டாங்க. அதுவுமில்லாம அங்க எல்லாமே டாலர். நம்ம ஊர்ப் பணம் எடுபடாது."

"சரிம்மா" என்றார். போனை வைத்த கையோடு வங்கிக்குப் போய், மடிப்பே விழாத நூறு நோட்டுக் கட்டு ஒன்றை வாங்கி வந்தார்.

மனைவி கட்டைப் பார்த்தார். "அவதான் குடுக்க வேண்டாம்னு சொன்னாளே."

"பில்லுல சர்வீஸ் சார்ஜுன்னு போட்டு எங்க முதலாளியும்தான் வாங்கினாரு. அது எங்க போச்சுன்னு நான் இன்னமும் தேடிட்டிருக்கேன்."

"அந்தப் பணம் அங்க செல்லாதுன்னும் சொன்னா."

"பணம் எப்படிச் செல்லாம போகும்? கப்பல்லயே மாத்திக்கலாம்."

கப்பலில் ஏறியதும் முதல் வேலையாக வரவேற்பு மேசைக்குப் போய் ஒரு நோட்டை நீட்டினார். அங்கிருந்த பெண் அதை வாங்கி, யாரோ ஒருவருடைய தூரத்து உறவினரின் கல்யாணப் போட்டோவைப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, புன்னகையோடு திருப்பிக் கொடுத்தாள். இந்த நாட்டுப் பணத்தை நாங்கள் மாற்றுவதில்லை என்றாள். ஏழாம் டேபிளுக்குச் சுருக்கென்றது. இத்தனை காலம் தன்னைக் காப்பாற்றிய பணத்தை யாரோ அடையாளம் தெரியவில்லை என்று சொன்னதுபோல இருந்தது.

அறைக்கு வந்தால் மனைவி கட்டிலருகே குனிந்து நின்றிருந்தார். அவர் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். கடல் தெரிகிற ஜன்னலை அவர் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

"இந்த மூலை மடிப்பைப் பாருங்க. நாலு மூலையும் அச்சுல வார்த்த மாதிரி. இது தொழில் தெரிஞ்ச கை."

அந்தக் கைக்குச் சொந்தக்காரரை வெளியே நடைபாதையில் பார்த்தார்கள். நாற்பது வயதிருக்கும். வேறு ஏதோ நாட்டுக்காரர். துண்டுகள் அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், இவர்களைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்து வணக்கம் வைத்தார். ரூம்காரர் என்று அப்போதே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது.

அன்று இரவு சாப்பிடப் போகும்முன் ஏழாம் டேபிள் ஒரு நூறு நோட்டைத் தலையணை நடுவில் வைத்தார். "வேற பணம் இல்லாதப்போ இருக்கறதைத்தானே வைக்க முடியும்? அவர் எங்கேயாவது மாத்திக்குவாரு." திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

உணவுக்கூடத்தில் அவருக்கு உட்காரவே வரவில்லை. சர்வர் பக்கத்தில் வந்தபோதெல்லாம் பாதி எழுந்து நின்றார். சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை அளவு வாரியாக அடுக்கி, கரண்டிகளை மேலே ஒரே பக்கமாகத் திருப்பி வைத்தார். அடுத்த மேசைத் தட்டுக்குக் கை நீண்டபோது மனைவி தொடையில் கிள்ளினார்.

அறைக்குத் திரும்பினால் தலையணை மேல் பணம் இல்லை. ஏழாம் டேபிளின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு மேசைப்பக்கம் திரும்பினார். அங்கே ஒரு கண்ணாடிக் கவருக்குள் நூறு நோட்டு. கூடவே ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்த தாள் ஒன்று. அதில் கையால் தேதி, அறை எண், ஒரு கையெழுத்து.

மனைவி தாளைத் திருப்பிப் பார்த்தார். "என்னங்க இது? பணத்துக்கு ரசீதும் குடுத்துட்டு, பணத்தையும் குடுத்துட்டுப் போயிருக்காங்க. ரொம்ப நல்ல கம்பெனியா இருக்கே."

ஏழாம் டேபிள் யோசித்தார். "கம்மின்னு நெனைச்சிருப்பாரு. டாலர்ல பாத்தா நம்ம நூறு ஒண்ணுமே இல்லையே."

மறுநாள் முந்நூறு வைத்தார். அதுவும் கவருக்குள் போய் மேசைக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை தாளில் இரண்டு கையெழுத்து. மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்நூறு வைத்தார். மூன்று கையெழுத்தும் ஒரு முத்திரையுமாகத் திரும்பி வந்தது.

இதற்கிடையில் ரூம்காரரின் சிரிப்பும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. இரண்டாம் நாள் பாதிச் சிரிப்பு. மூன்றாம் நாள் இவர்கள் வருவதைப் பார்த்ததும் வண்டியோடு பக்கத்து நடைபாதைக்குள் திரும்பிவிட்டார். ஏழாம் டேபிளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாழ்நாளில் டிப்ஸ் போதாதென்று திருப்பிக் கொடுத்த ஒரு சர்வரைக்கூட அவர் கண்டதில்லை. அப்படி ஒருவர் திருப்பிக் கொடுக்கிறார் என்றால், வைத்த ஆள் எவ்வளவு கேவலமாக வைத்திருக்க வேண்டும்.

"நாளைக்கு ஆயிரம் வெச்சுடறேன்" என்றார்.

"வெச்சீங்கன்னா நான் இந்த ஜன்னல் வழியா இறங்கிடுவேன்" என்றார் மனைவி.

நான்காம் நாள் பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வாசலில் ரூம்காரர், பேயறைந்த முகத்தோடு. அவருக்கு முன்னால் கையில் ஒரு கோப்போடு மேற்பார்வை பார்க்கிற அம்மாள். ஏழாம் டேபிளுக்கு உணவக ஆங்கிலம் நன்றாகவே வரும். அவர்களுக்கும் ஆங்கிலம் தெரிந்ததால் பேச்சுக்குக் குறைவில்லை.

"இவர் வேலையில ஏதாவது குறை இருக்கா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"குறையா? இல்லையே."

"அப்போ ஏன் தினமும் படுக்கையை நீங்களே போட்டுக்கறீங்க? துண்டையும் நீங்களே துவைச்சுக் காயப்போட்டிருக்கீங்க."

ஏழாம் டேபிள் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஊருக்கெல்லாம் விரிப்பு வெளுத்துக் குடுத்தவ நான். நான் படுத்து எழுந்ததை இன்னொருத்தர் வந்து மடிக்கட்டும்னு எப்படிப் போட்டுட்டுப் போறது? கூச்சமா இருக்காதா?"

ஏழாம் டேபிள் இதை மொழிபெயர்த்தார். அம்மாள் கோப்பில் எதையோ அடித்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"அடுத்தது இந்தப் பணம். மறந்து விட்டுப்போன பொருள்னு தாள் எழுதித் திருப்பி வெச்சும் விடல. முதல் நாள் நூறு, அப்புறம் முந்நூறு, அப்புறம் ஐந்நூறு. கூடிக்கிட்டே போகுது. நீங்க கம்பெனி அனுப்பின ஆளான்னு இவர் கேக்கறார். பணத்தைப் போட்டு வெச்சு எடுக்கறாரான்னு சோதனை பண்றீங்களான்னு."

அந்தச் சோதனை ஏழாம் டேபிளுக்குப் புதிதல்ல. உணவகத்தில் சேர்ந்த இரண்டாம் மாதம், மேசைக்கடியில் ஒரு நோட்டு கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவில் கொடுத்தார். முதலாளி அவசரமே இல்லாமல் அதை வாங்கி, யார் போட்டது என்றுகூடக் கேட்காமல் பெட்டிக்குள் வைத்தார். போட்டது முதலாளியேதான் என்று அப்போதுதான் இவருக்கு விளங்கியது. அன்று முழுக்கப் பயந்துகொண்டே இருந்தார், எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. அதே பயத்தை மூன்று நாளாக இந்த மனிதருக்குத் தான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அதுவும் தவணை முறையில், தொகையைக் கூட்டிக் கூட்டி.

"டிப்ஸ்" என்றார். "அது டிப்ஸ். நான் சர்வர்."

இருவரும் அவரை நம்பாமல் பார்த்தார்கள். அவர் அறை மூலையிலிருந்த தேநீர்த் தட்டை நோக்கிப் போனார். இரண்டு கோப்பை, இரண்டு சாஸர், சர்க்கரைக் கிண்ணம், கெட்டில். எல்லாவற்றையும் இடது கையில் முழங்கை வரை வரிசையாக ஏற்றிக்கொண்டு, வலது கையால் கதவைத் திறந்து, நடைபாதையின் கோடி வரை போய்த் திரும்பி வந்தார். கப்பல் லேசாக ஆடியது. ஒரு கரண்டிகூடச் சத்தம் போடவில்லை.

ரூம்காரர் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, துடைக்கத் துண்டைத் தேடினார். வண்டியில் நாற்பது துண்டு இருந்தது. அவர் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். மேற்பார்வை அம்மாள் கோப்பை மூடினார்.

"என்னை மன்னிச்சுக்குங்க" என்றார் ஏழாம் டேபிள். "எங்க ஊர்ப் பணம். உங்களுக்கு ஒண்ணுக்கும் உதவாதுன்னு தெரியும். வேற இல்ல."

"உதவாதா?" ரூம்காரர் நிமிர்ந்தார். "நாளைக்குக் காலையில கப்பல் உங்க ஊருக்குத்தானே திரும்புது? எங்களுக்கு அஞ்சு மணி நேரம் லீவு. எல்லாரும் எங்களுக்கு டாலர் குடுக்கறாங்க. அதைத் துறைமுக வாசல்ல மாத்தப் போனா, அங்க உக்காந்திருக்கிறவன் பத்துக் குடுத்தா ஆறுக்குத்தான் கணக்குப் போடறான். உங்க பணம் கிடைக்காமதான் ஒவ்வொரு தடவையும் அவஸ்தைப்படறோம்."

ஏழாம் டேபிள் பெட்டியைத் திறந்து கட்டை வெளியே எடுத்தார். கப்பலேறிய பிறகு முதல் முறையாக அது பணம் மாதிரி தெரிந்தது. தொள்ளாயிரத்தை எண்ணி மேசையில் சாஸருக்கு அடியில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் சாஸர் நகர்கிற சத்தம் கேட்கும்வரை திரும்பவில்லை.

மேற்பார்வை அம்மாள் கிளம்பாமல் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்கிட்ட இருபது டாலர் இருக்கு. நியாயமான கணக்குல மாத்திக் குடுப்பீங்களா?" என்றார்.

சாயங்காலத்துக்குள் விஷயம் கப்பலின் அடித்தளம் வரை போய்விட்டது. இஸ்திரி போடுகிறவர், ரொட்டி சுடுகிறவர், உணவுக்கூடத்துச் சர்வர் என்று ஐந்து டாலரும் பத்து டாலருமாக ஆட்கள் வந்தார்கள். மகளிடம் போனில் டாலர் விலை கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மனைவிதான் பட்டுவாடா பார்த்தார். கட்டு தீர்ந்ததும் தன் கைப்பையில் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த இன்னொரு கட்டை எடுத்தார்.

"இது எப்போ எடுத்துட்டு வந்தே?" என்றார் கணவர்.

"உங்களை நம்பிக் கடல்ல இறங்க முடியுமா?"

ரூம்காரருக்கும் மனைவிக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கடைசி ராத்திரிப் படுக்கையை ரூம்காரரே போடலாம். ஆனால் மனைவி பக்கத்தில் நின்று பார்ப்பார். மூலையை அவர் உள்ளே மடித்துச் செருகுகிற விதத்தை இவர் இரண்டு தடவை பிரிக்கச் சொல்லிக் கற்றுக்கொண்டார். ஒரு தடவை அவர் கையைத் தட்டிவிட்டு, ஆஸ்பத்திரி மடிப்பைக் காட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை துறைமுக வாசலில் இருவரும் பெட்டியோடு பேருந்துக்கு நின்றிருந்தபோது, பூப்போட்ட சட்டை போட்ட ஒருவர் ஓடி வந்தார். சீருடை இல்லாததால் ஏழாம் டேபிளுக்கு அடையாளம் தெரியவில்லை. மனைவிக்குத் தெரிந்துவிட்டது. ரூம்காரர் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். பென்சிலால் வரைந்த ஒரு சின்னப் பாதம். மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்க வேண்டும், கடை எங்கே என்று கேட்டார்.

"இது எப்போ வரைஞ்சது?" என்று மனைவி கேட்டார்.

"ஏழு மாசம் முன்னாடி. வீட்டுலேருந்து கிளம்பின அன்னிக்கு."

"ஏழு மாசம் அந்தக் கால் வளராம இவருக்காகக் காத்துட்டிருக்குமா?" என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பேருந்து வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மூன்று பேரும் கடைத்தெருப் பக்கம் நடந்தார்கள்.

கடைக்காரர் விலை சொன்னார். மனைவி ஷூவைத் திருப்பி, தையலை நகத்தால் நெருடிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, கீழே வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார். மூன்றாவது முறை வாசலை எட்டியபோது விலை பாதிக்கு வந்திருந்தது. ஏழாம் டேபிளும் ரூம்காரரும் ஒரு பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் எதுவும் கொண்டுவந்து கொடுக்க வேண்டாத அந்த அரை மணி நேரம் இருவருக்கும் சுகமாக இருந்தது.

அளவைப் பற்றி மட்டும் சண்டை வந்தது. ரூம்காரர் ஒரு சைஸ் கூடுதலாகப் போதும் என்றார். மனைவி இரண்டு சைஸ் என்றார். இரண்டு சைஸ் பெரிய ஷூதான் பெட்டிக்குள் போனது.

அடுத்த மாதம் ஏழாம் டேபிளின் மகள் போனுக்கு ரூம்காரரிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரு சிறுமி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். ஷூ தளரவே இல்லை, கச்சிதமாக இருந்தது. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மூணு சைஸ் வாங்கியிருக்கணும்" என்றார்.