படத்தில் அவள் காலில் விழுந்தாள்

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து டீ குடிக்கையில், மழையில் நனைந்த கீற்றுக் கூரையின் வாசனை என்னைச் சேரப்பணஞ்சேரி டூரிங் சினிமாக் கொட்டகைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தது. அங்கே இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன.

பத்திரிகையில் தொடராக வந்த ஒரு நாவலை அம்மா கிழித்துத் தைத்து வைத்து, நடவு நடும் பெண்களுக்குச் சாப்பாட்டு வேளையில் வாசித்துக்காட்டுவாள். அதில் அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு நாயகி பிள்ளையோடு பஸ் ஏறிவிடுவாள். அது படமாக வந்தபோது, அந்தப் பெண்களும் அம்மாவும் நானும் மணலில் நெருக்கியடித்து உட்கார்ந்து, முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அந்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். படத்திலோ அவள் புருஷன் காலில் விழுந்தாள்.

அம்மா எழுந்தாள். "கதையில இப்டி இல்ல. அவ பஸ் ஏறிப் பூட்டா."

"குந்தும்மா, மறைக்குது," என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

"மறைக்கட்டும். படிச்சவ சொல்றேன், அவ பூட்டா."

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியேறினார்கள். வீடு வரும்வரை அம்மா கடைசி அத்தியாயத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள். தினம் புருஷனிடம் அடி வாங்கும் செல்வி அக்கா ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

மறுவாரம் செல்வி அக்கா மகளோடு வாலாஜாபாத் பஸ் ஏறினாள். அவள் புருஷன் எங்கள் வாசலில் வந்து நின்று, "கதை படிச்சி என் பொண்டாட்டிய கெடுத்துட்டியே," என்று கத்தினான்.

"ஆமா, நான்தான் படிச்சேன்," என்றாள் அம்மா. "இன்னா இப்ப?"