இடது கைக்குள் அடங்கிய வார்த்தைகள்

என் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடுவில் இருந்த மூன்றையும் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் மிஷின் எடுத்துக்கொண்டது. எண்பதுகளின் நடுவாக்கில், எனக்குப் பத்தொன்பது வயதில் நடந்தது. பஞ்சு அடைத்துக்கொண்டால் மிஷினை நிறுத்தாமலே கையை விட்டு எடுக்க வேண்டும். நிறுத்தினால் மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசுவார். எல்லோரும் அப்படித்தான் எடுத்தோம். மாட்டியது என் கை.

ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். நான் பத்தாவது பாஸ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. "டைப் படிச்சிட்டு வாம்மா. ஆபீஸ்ல உனக்கு ஒரு சீட்டு போட்டுத் தாரேன்" என்றார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கட்டுப் போட்ட கையோடு நானும் கும்பிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

உள்ளூர் டைப் இன்ஸ்டிடியூட்காரர்கள் இரண்டு பேர் என் கையைப் பார்த்ததும் மிஷின் காலி இல்லை என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்து மாடியில் இன்ஸ்டிடியூட் நடத்தியவள்தான் சேர்த்துக்கொண்டாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அவ்வளவுதான். பரிதாபம் என்பது அவளுக்கு வராது. அதனாலேயே எனக்குப் பிடித்தது. எல்லோருக்கும் சொல்வதையே எனக்கும் சொன்னாள். "அர்த்தத்தைப் பாக்காத. எழுத்தை மட்டும் பாரு. அர்த்தம் பாத்தா வேகம் செத்துரும்."

தினமும் பஸ் பிடித்துப் போனேன். டைப் மிஷினில் பாதி எழுத்துகள் இடது கைக்கு, மீதி வலது கைக்கு. ஸ்பேஸ் தட்ட என் வலது கட்டைவிரல் போதும். ஆனால் வலது பக்கத்து எழுத்து ஒவ்வொன்றுக்கும் இடது கை தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். 'தி' என்ற சின்ன இங்கிலீஷ் வார்த்தைக்குக்கூடத் தாண்ட வேண்டும். ஆறு மாதமாகியும் மற்றவர்களின் வேகத்தில் பாதிகூட வரவில்லை.

ஒருநாள் பயிற்சித் தாளில் 'ஆஃப்டர்வர்ட்ஸ்' என்று ஒரு வார்த்தை வந்தது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை இடது கை நகரவே வேண்டியிருக்கவில்லை. சடசடவென்று விழுந்தது. பக்கத்து மிஷின்காரி திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து எனக்கு அதே பைத்தியம். அண்ணனின் பழைய டிக்ஷனரியைப் புரட்டி, இடது கை எழுத்துகளாலேயே ஆன நீள வார்த்தைகளைத் தேடினேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் அவற்றை எழுதி, எதிரே தமிழில் அர்த்தமும் எழுதினேன். இன்ஸ்டிடியூட்டில் பார்க்கக் கூடாது என்ற அர்த்தத்தை வீட்டில் பார்த்துக்கொண்டேன்.

'ஸ்டூவர்டஸஸ்': விமானத்தில் பயணிகளைக் கவனிக்கும் பெண்கள். நான் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. 'ரிவர்பரேட்டட்': எதிரொலித்தது. 'எக்ஸாஜரேட்டட்': ஊதிப் பெரிதாக்கியது. 'வெர்டிப்ரேட்ஸ்': முதுகெலும்புள்ள பிராணிகள். 'ஆஃப்டர்எஃபெக்ட்ஸ்': பின்விளைவுகள். 'அக்ரவேட்டட்': மேலும் மோசமாக்கப்பட்டது. முப்பதுக்கு மேல் சேர்ந்தன. இதில் ஒன்றைக்கூட மில் கடிதத்தில் யாரும் எழுதப் போவதில்லை என்று டீச்சர் கிண்டலடித்தாள். வீம்புக்கு இன்னும் தேடினேன்.

ஒன்றரை வருஷம் கழித்து மேனேஜரிடம் போய் நின்றேன். மறந்திருப்பார் என்று பயந்தேன். மறக்கவில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். டெஸ்ட் ஒன்று வைக்க வேண்டும் என்று, கையால் எழுதிய ஒரு பக்க இங்கிலீஷ் தாளை நீட்டினார்.

புது ரிப்பன் போட்ட மிஷின். நான் எழுத்தை மட்டும் பார்த்தேன். வரிக்கு வரி 'ஐ' வந்தது. இங்கிலீஷில் 'நான்' என்பது ஒற்றை எழுத்து. அது வலது பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் தாண்டிப் போய் அடிக்க எரிச்சலாக இருந்தது. அந்த 'நான்' யார் என்று யோசிக்கவில்லை. கடைசிப் பத்தியில் 'அக்ரவேட்டட்' வந்தது. நோட்டில் கிடந்த என் வார்த்தை, மில் தாளில் வந்துவிட்டது. டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று மனசு துள்ளியது. ஒரே மூச்சில் அடித்தேன்.

தாளின் கீழே பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். இன்ஸ்டிடியூட்டில் தினமும் அப்படிப் போட்டுத்தான் தாளைக் கொடுப்போம். போட்டேன். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

அனுப்பவில்லை. மூன்று முறை போனேன். மூன்றாவது முறை வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவே இல்லை. என்னைவிட அண்ணனுக்குத்தான் ஆத்திரம் பொறுக்கவில்லை. கைக்கு நஷ்டஈடு கேட்டு லேபர் ஆபீசில் மனுக் கொடுத்தான்.

விசாரணையன்று மில் தரப்பில் ஒரு தாளை எடுத்து வைத்தார்கள். ஆபீசர் எனக்காக அதைத் தமிழில் சொன்னார். மிஷினை நிறுத்தச் சொல்லியும் கேளாமல் நான் கையை விட்டேன். தவறு முழுக்க என்னுடையது. வைத்தியத்துக்கு நான் தாமதித்ததால் காயம் மேலும் மோசமாக்கப்பட்டது. மில்லிடம் இனி எதுவும் கேட்க மாட்டேன். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது யாரு அடிச்சதும்மா?"

"நான்தான் சார்."

"கையெழுத்து?"

"என்னோடதுதான்."

டெஸ்ட் என்று சொன்னார்கள் என்றேன். அர்த்தம் தெரியாமலா அடித்தாய் என்று மில் வக்கீல் கேட்டார். நோட்டுப் போட்டு அர்த்தம் எழுதிய என்னைப் பார்த்து. ஆபீசர் தாளைத் திரும்பவும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஒரு தப்புகூட இல்லையேம்மா" என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். மனு தள்ளுபடியானது.

மேனேஜர் செத்துப் பல வருஷமாகிறது. அவர் மேல் இருந்த கோபம்கூட ஆறிவிட்டது. ஆறாதது வேறு. அன்றைக்கு அந்தத் தாளை மிஷினிலிருந்து உருவி, இரண்டு கையாலும் பிடித்து, சிரித்துக்கொண்டே அவரிடம் நீட்டி, "பாருங்க சார், எம்புட்டு சீக்கிரம் முடிச்சிட்டேன்" என்றேன்.