கதவு நிலையைத் தின்ற குதிரை

எங்கள் குதிரைக்கு மரம் கடிக்கும் பழக்கம் வந்தது யுத்தக் காலத்தில்தான். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு கொழும்பில் பாதிச் சனம் ஊர்ப்பக்கம் போய்விட்டது. நாங்கள் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் என் கணவர் வாடகைக்குக் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பெற்றோல் கிடைக்காததால் கார் வைத்திருந்தவர்கள்கூட வண்டிக்குச் சொல்லி அனுப்பிய காலம் அது. எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச மாதம்தான். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், அவருடைய தங்கச்சியும், குதிரையும்.

அது பந்தயத்துக்கு ஆகாது என்று யாரோ கழித்துவிட்ட குதிரை. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை. நான் அதற்கு முன் குதிரையைக் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை. ஆனால் மனுசரோடு பேசுவதைவிட அதோடு பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. பதிலுக்கு எதுவும் கேட்காது, காதை மட்டும் திருப்பும்.

முன்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரி இருந்தார். முஸ்லிம் அம்மா. நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். பின்முற்றத்தில் அவருடைய வாப்பா காலத்தில் சாமான் போட்டுவைத்த அறையைத்தான் குதிரைக்குக் கொடுத்திருந்தார். அந்த அறையின் கதவு நிலை பர்மாத் தேக்கு. அதைத்தான் எங்கள் குதிரை தின்னத் தொடங்கியது.

காலையில் முற்றம் கூட்டுவது என் வேலை. முதலில் கொஞ்சம் தூள் வந்தது. பிறகு விரல் நீளத்துக்குச் சிராய். ஒருநாள் நிமிர்ந்து பார்த்தேன். நிலையில் ஓரிடம் கடித்த கொய்யாப்பழம் மாதிரி இருந்தது.

ராத்தா வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"எங்கட வாப்பா கப்பல்ல எறக்கின தேக்கு புள்ள இது. ஒங்கட குதிர பிஸ்கட்டு திங்கிற மாதிரித் தின்டு ஈக்குதே!"

என் கணவர் தலையைச் சொறிந்தார். "நான் பாத்துக்கிறேன் ராத்தா."

"நீங்க பாருங்கோ. நான் ரெண்டு பெருநாளாப் பாத்துட்டுத்தான் ஈக்கிறேன். பொங்கல் கழிஞ்சு வார வெள்ளிக்கெழம ஜும்மா முடிய வருவேன். அப்பவும் கடிச்சுட்டு நின்டா, குதிரய வித்துப் போடுங்கோ. இல்லாட்டி வேற வீடு பாருங்கோ."

வேற வீடு எங்கே? குதிரைக்கும் சேர்த்து யார் வீடு தருவார்கள்? குதிரையை விற்றால் பிழைப்புக்கு என்ன வழி? கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து வைத்தியம் தொடங்கியது. கண்ணூறு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டோம். நாங்கள் மூன்று பேரும் இருமினோம். குதிரை இருமவில்லை. என் கணவர் நிலைக்கு வேப்பெண்ணெய் பூசினார். குதிரை உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டிவிட்டு, மற்றப் பக்கத்து நிலையைக் கடித்தது. அந்தப் பக்கத்துக்கு மிளகாய் அரைத்துப் பூசினேன். அதை மறந்து அவர் அதிலேயே சாய்ந்து நின்று பீடி குடித்தார். தோளைத் தடவிய கையால் கண்ணைத் துடைத்தார். அன்று அவர் வண்டி ஓட்டவில்லை.

நாத்தனார் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, பேசாம நெலைய எடுத்துட்டு நீங்களே அங்க நில்லுங்க. ஒங்கள அது கடிக்காது, கசப்பு!"

"வாய மூடுடி" என்றார். அவருக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரோடு.

பசியாக இருக்கும் என்றும் நினைத்தோம். தவிட்டையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் இன்னும் கூட்டிக் கரைத்து வைத்தோம். அவருடைய அப்பா மாட்டு வண்டிக்காரர். மாட்டுக்கு வைத்ததையே மகனும் குதிரைக்கு வைத்தார். முன்பெல்லாம் ஆற்றுக்கு அப்பால் ஹெந்தளையிலிருந்து ஒரு பொம்பிளை தலைச்சுமையாகப் புல் கொண்டுவந்து தருவாள். குண்டுக்குப் பயந்து அவள் வருவதை நிறுத்தியதிலிருந்து இந்தக் கரைசல்தான். குதிரை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு, வாளியை மூக்கால் தள்ளிவிட்டு, நிலைக்குப் போகும். இருட்டினால் வெளியே வெளிச்சம் காட்டக் கூடாது என்று சட்டம் இருந்ததால், பொழுது சாயும்போதே வண்டியை அவிழ்த்துவிடுவார். அப்போதிருந்து விடியும்வரை அது தனியாகக் கட்டிக்கிடக்கும்.

பொங்கல் வந்தது. மறுநாள் மாட்டுப் பொங்கல். எங்களிடம் மாடு இல்லை. ஆனாலும் அவர் விடவில்லை.

"எங்கப்பா ஒரு வருசம்கூடத் தவற விட்டதில்ல. நமக்குச் சோறு போடுறது இதுதானே."

"குதிரைக்குக் கொம்பு எங்கண்ணே இருக்கு, சாயம் பூச?" என்றாள் நாத்தனார்.

"குளம்புல பூசு!"

பூசினாள். நாலு குளம்பும் மஞ்சள். கழுத்தில் செவ்வந்தி மாலை. அது மாலையை எட்டித் தின்னப் பார்த்துச் சுற்றிச் சுற்றி வந்தது. அன்றைக்குக் கயிறும் கட்டக் கூடாது, வண்டியும் பூட்டக் கூடாது, அதன் முன்னால் பச்சைப் புல் குறையவும் கூடாது என்பது அவர்கள் வீட்டு முறை. அதனால் முதல்நாளே ஹெந்தளைப் பக்கம் போய் வாய்க்கால் கரையில் அறுத்து வண்டி நிறையப் புல் கொண்டுவந்திருந்தார். முற்றம் முழுக்கப் பரப்பினோம். பச்சை வாசம் தெருவரைக்கும் போனது. ராத்தாவின் வெள்ளாடு வேலியில் நுழைந்து வந்து, கேட்காமலே பந்தியில் சேர்ந்துகொண்டது. குதிரை விரட்டவில்லை. இரண்டும் தலையைத் தலையோடு வைத்து, பொழுது சாயும்வரை மென்றுகொண்டே இருந்தன. நாங்கள் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டு அதைப் பார்த்தோம். யுத்தம் நடப்பதே மறந்துபோனது.

மறுநாள் காலையில் கூட்டினேன். புல் வந்தது, லத்தி வந்தது, செவ்வந்திக் காம்பு வந்தது. சிராய் ஒன்றுகூட வரவில்லை. குனிந்து நிலையைத் தடவிப் பார்த்தேன். பழைய கடிதான், புதிதாக இல்லை.

சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று பழையபடி தவிடு, பழையபடி கயிறு. அடுத்த காலை விளக்குமாறு நிறையச் சிராய்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் தேத்தண்ணீர் குடிக்கும்போது சொன்னேன்.

"என்னங்க, அதுக்கு வயிறு நெறஞ்சிருக்கு. வாய்தான் சும்மா இருக்கு."

அவர் கோப்பையை இறக்கினார். "என்னது?"

"கரைசல் ஒரு நொடியில முடிஞ்சிருது. புல்லுன்னா நாளெல்லாம் மெல்லுது. மெல்ல ஒண்ணும் இல்லாததாலதான் மரத்தை மெல்லுது. தனியா நிக்கிறதும் அதுக்குப் பிடிக்கல."

கல்யாணமானதிலிருந்து அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். "அண்ணி பேசுறாங்கடோய்!" என்று நாத்தனார் கத்தினாள்.

அவர் தேத்தண்ணீரை முடித்துவிட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார். ஆனால் மறுநாள் சவாரிக்கு முன்பே ஹெந்தளைக்குப் போய்ப் புல்லோடு வந்தார். கடற்கரையில் வாங்கிய பழைய மீன்வலைத் துண்டில் அதை அடைத்து, கால் சிக்காத உயரத்தில் தொங்கவிட்டோம். ஒவ்வொரு வாயாக இழுத்துத்தான் தின்ன வேண்டும், அதனால் நேரம் பிடிக்கும். புண்ணாக்கைக் குறைத்தோம். தேங்காய்ச் சிரட்டையில் கல்லுப்பு வைத்தேன், நக்கி நக்கித் தீர்த்தது. கடித்த இடங்களில் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி அடித்தார். சவாரி இல்லாத பின்னேரங்களில் கயிறில்லாமல் முற்றத்தில் விட்டோம். ஆடு தானாக வந்தது. நான் அதை விரட்டவில்லை.

கடிப்பது ஒரேயடியாக நிற்கவில்லை. முதல்நாள் கொஞ்சம், அடுத்தநாள் அதைவிடக் குறைவு. வெள்ளிக்கிழமை காலை கூட்டியபோது ஒன்றும் இல்லை. ஆனால் ராத்தா வரும் நேரத்துக்கு குதிரைக்குப் பழைய ஞாபகம் வந்து கடித்துவிட்டால்?

ஜும்மா முடிந்து ராத்தா வந்தார். என் கணவர் சவாரியில் இருந்தார். நாத்தனார் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். முற்றத்தில் நானும் குதிரையும் மட்டும்.

"எங்க புள்ள ஒங்கட மாப்புள?"

நான் திரும்பிக் குதிரையைப் பார்த்தேன். அது வலையில் மூக்கை விட்டு இழுத்துக்கொண்டிருந்தது.

"அவர் இல்லை ராத்தா. நீங்க வந்து தொட்டுப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது. "தகரம் அடிச்சது பழைய கடிக்கு. புதுசா ஒண்ணும் இல்ல. புல்லு இல்லாமத்தான் தின்னிச்சு. இனிமே புல்லு தவறாது, நான் பொறுப்பு."

ராத்தா நிலையை மேலிருந்து கீழ்வரை தடவினார். தகரத்தைத் தட்டினார். குதிரையின் காலடியில் படுத்து அசைபோட்ட தன் ஆட்டைப் பார்த்தார்.

"இந்தக் கள்ள ஆடு இங்கயா ஈக்கி? நான் வீதியெல்லாம் தேடினேன்."

சிரிப்பை அடக்க முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டார். திரும்பி இரண்டடி போனவர் நின்றார்.

"நாளைக்கு வெள்ளவத்தைக்கு மகள்ட வீட்டுக்குப் போகோணும். ஒங்கட மாப்புளக்கிட்டச் செல்லு, சுபஹுத் தொழுகைக்குப் பொறகு வண்டியப் பூட்டிக் கொண்டு வரட்டும்."

"ஓம் ராத்தா" என்றேன். ராத்தாவின் தலை மறைந்ததும் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அது மெல்லுவதை நிறுத்தவே இல்லை.