பாண்டியன் மாற்றாமல் விட்ட பெயர்

சரிதாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது. அது அவள் பிறந்து வளர்ந்த எஸ்டேட் லைனின் குணம். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள். உப்பு கேட்டு ஒருத்தி வாசலில் நின்றால் ஏன், எதற்கு என்று விசாரிக்க மாட்டார்கள். அள்ளிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். நல்ல வழக்கம்தான். கல்லூரிக்குத்தான் ஆகாது.

அம்மா சின்னம்மை இலங்கைத் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவள். இன்னும் கொழுந்து பறிக்கிறாள். பங்குனியோடு அவளுக்கு ஓய்வு. ஓய்வென்றால் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதற்குள் சரிதா கோயம்புத்தூரில் வேலைக்குப் போயாக வேண்டும். கம்பெனிக்காரர்கள் கடிதம் கொடுத்துவிட்டார்கள், ஒரு பேப்பரில்கூட அரியர் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

அந்தச் சமயத்தில்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தின் ப்ராஜெக்ட் வந்தது. கம்ப்யூட்டருக்குள் நூறு வேலைகள் காத்து நிற்கும். எதை முதலில் கூப்பிடுவது, எதை நிறுத்திவைப்பது என்று முடிவு செய்யும் ப்ரோகிராமை எழுத வேண்டும். வகுப்பே திணறியது. சரிதா அதைத் தினமும் பார்த்திருக்கிறாள். காலையில் ஆட்கள் கூடி நிற்பதும், கங்காணி பேர் கூப்பிட்டு அனுப்புவதும்தானே இது? லைனில் அந்தக் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர். காத்திருக்கும் வரிசைக்கு அதையே வைத்தாள்.

நான்கு வீடு தள்ளியிருக்கும் பாண்டியனும் அதே வகுப்பு. கடைசித் தேதிக்கு முந்தின நாள் பென் டிரைவோடு வாசலில் நின்றான்.

"ஒருக்கா பாத்துட்டுத் தந்துர்றேன் சரிதா. பேரெல்லாம் மாத்திருவேன்."

கொடுத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து, இருவரையும் தன் அறைக்கு வரச் சொல்லி கருணாகரன் சார் செய்தி அனுப்பினார். காப்பியடித்தவருக்கும் கொடுத்தவருக்கும் சேர்த்தே பூஜ்யம் என்று முதல் வகுப்பிலேயே சொன்னவர் அவர். தனித்தனியாக எழுதினோம் என்று சொல்லிவிடலாம் என இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

"நேத்து ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து நம்ம வீட்ட சுத்திப் பாத்துட்டுப் போச்சு புள்ள," என்றாள் அம்மா, மறுநாள் காலையில் தேநீரை ஆற்றியபடி. "அடுத்து வாறவங்களுக்காம்."

பாண்டியன் முதல் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்விட்டான். அரவேணுவில் அடுத்த பஸ்ஸைப் பிடித்து உட்கார்ந்த பிறகுதான், சாரிடம் கொடுத்த ப்ராஜெக்ட் என்று அவன் அனுப்பியிருந்த நகலைச் சரிதா போனில் திறந்தாள். வெளியே மூடுபனி, பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. பயல் கெட்டிக்காரன். பெயர்களை மாற்றி, வரிகளை முன்பின்னாக்கி, அவளுக்கே அடையாளம் தெரியாதபடி செய்திருந்தான். பெரட்டு மட்டும் பத்தொன்பது இடத்தில் அப்படியே கிடந்தது.

சோம்பலில் விட்டதல்ல. அது சரிதா வைத்த பெயர் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது. பஸ், ஸ்கூல் மாதிரி ஊருக்கெல்லாம் தெரிந்த சொல் என்று நினைத்திருப்பான். அறுபது பேர் வகுப்பில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். உடனே போனில் அவனைக் கூப்பிட்டாள். திருப்பத்தில் சிக்னல் போய்விட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது அறைக்கதவு திறந்திருந்தது. பாண்டியன் உள்ளே நின்றிருந்தான். முகத்தில் பயமே இல்லை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது.

"வாம்மா," என்றார் கருணாகரன் சார். "ஒரே புஸ்தகத்தப் பாத்து எழுதியிருப்பீங்கன்னு விட்டரலாம்னுதான் இருந்தேன். இந்த ஒரு பேருதான் எந்தப் புஸ்தகத்துலயும் கெடைக்கல."

"நான் சொல்லிட்டேன் சரிதா," என்றான் பாண்டியன் உற்சாகமாக. "பெரட்டுன்னா காலைல ஆள் கூடுறதுன்னு. சார் நம்ப மாட்டேங்கறாரு. நம்ம லைன்ல எல்லாரும் அப்பிடித்தான சொல்லுவோம், நீயே சொல்லு."

சார் மார்க் பட்டியலை முன்னால் இழுத்து, பேனாவைத் திறந்தார். "அப்ப கேட்டா குடுக்கற தூரந்தான். ரெண்டு பேரும் ஒரே லைனாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் சரிதா வாயைத் திறந்தாள்.

"ஆமாங்க சார்," என்றாள்.