பினாயில் மாமாவின் மீன் தொட்டி

என் அத்தையின் வீட்டுக்காரருக்குப் பினாயில் மாமா என்று பெயர் வைத்தது அவரிடம் வேலை பார்த்தவர்கள். பெரிய தங்கும் விடுதி ஒன்றில் அவர் துப்புரவு மேற்பார்வையாளர். விரித்த மெத்தைக்கு அடியில் விரலை ஓட்டி, அந்த விரலை முகர்ந்து பார்த்த பிறகுதான் அறையை ஆளுக்கு விடுவார். அங்கே அது சம்பளம் வாங்கும் வேலை, சரி. அதையே வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்து அத்தையின் உயிரை எடுத்ததுதான் எனக்கு ஆகவில்லை.

அவர் வீட்டுக் கூடத்தின் தரை, குளியலறைத் தரை போல வாசல் பக்கம் சரிந்திருக்கும். தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வசதியாக, கொத்தனாரோடு மல்லுக்கட்டி அப்படிப் போட வைத்தார். பந்தைக் கீழே வைத்தால் அது தன் பாட்டுக்குத் தெருவுக்குப் போய்விடும். விருந்தாளி எழுந்தால் நாற்காலியைத் துடைப்பார். வாசலைத் தாண்டும்வரைகூடப் பொறுக்க மாட்டார். நான் மாட்டுத் தொழுவம் கூட்டி வளர்ந்தவன். சாணி அள்ளிய கையைக் கழுவிவிட்டுப் பள்ளிக்கூடம் போய், எங்கள் வம்சத்திலேயே முதல் ஆளாக, நுண்ணுயிரியலில் பட்டம் வாங்கியவன். சாணியை நான் ஒருநாளும் அருவருத்ததில்லை. இந்த மனிதர் நாற்காலி துடைப்பதைப் பார்த்தால் குமட்டும்.

அவர் மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கியபோதுதான் வினை முற்றியது. குழந்தை தவழ்ந்தது, மாமா துணியோடு அதன் பின்னாலேயே தவழ்ந்தார். அது கை வைத்த இடம், எச்சில் ஒழுகிய இடம், எல்லாம் பினாயில். கடைசியில் குழந்தையின் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. மகள் கிளம்பிவிட்டாள். அத்தையும் அவளோடு பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"இந்த வீட்ல பல்லிகூட குடியிருக்கப் பயப்படுது. உசுருள்ளது ஏதாவது ஒண்ணு உங்ககிட்ட இருந்து பொழைக்கட்டும், அப்புறம் நான் வரேன்" என்று படியிறங்கினாள்.

கோபத்தில் சொன்ன சொல். மாமா அதை ஒப்பந்தம் போலப் பிடித்துக்கொண்டார். நாய் முடி கொட்டும். பூனை எங்கெங்கோ மிதித்துவிட்டு வரும். கோழி என்ற சொல்லைக் கேட்டதுமே மூக்கைப் பொத்திக்கொண்டார். யோசித்து யோசித்து மீனில் வந்து நின்றார்.

"பொறந்ததுலேருந்து குளிச்சுக்கிட்டே இருக்கிற ஜீவன்டா மாப்ள. அதைவிடச் சுத்தம் எது சொல்லு?"

"குளிக்கிற தண்ணியிலதான் மாமா அது எல்லாத்தையும் போகும்."

"சீ! பேச்சைப் பாரு."

சின்னத் தொட்டி போதும் என்றேன். "உங்க அத்தை வந்து பாக்கிறப்ப ஊறுகாய் ஜாடியையா காட்டச் சொல்ற?" என்று ஐந்தடித் தொட்டிக்குச் சொல்லிவிட்டார். கண்ணாடி, கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அதனால் இரும்புச் சட்டத்தில் ஸ்டாண்டு செய்ய வெல்டிங்காரரை வீட்டுக்கே வரவழைத்தோம். அவரிடம் மாமா வைத்த முதல் கோரிக்கை, அடியில் துடைப்பம் தடையில்லாமல் போய் வர வேண்டும், குறுக்குச் சட்டமே கூடாது, கால்கள் உயரமாக இருக்க வேண்டும் என்பது.

"சார், மீன் தொட்டி கேக்குறீங்களா, ஒட்டகம் கேக்குறீங்களா?" என்றார் வெல்டிங்காரர். "குறுக்கே கட்டு இல்லன்னா இது மொத்தமும் ஒருநாள் உங்க மடியில வந்து உக்காரும்."

கடைசியில் துடைப்பம் நுழையும் உயரத்துக்கு மேலே குறுக்குச் சட்டம் வைப்பதாக முடிவாயிற்று. துருவை உரசி எடுத்துச் செம்மண் நிறப் பூச்சு அடித்தது நான். நிமிர்த்தி வைத்து மேலே ரசமட்டத்தை வைத்தால், குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்கு ஓடிவிட்டது.

"தரையா சார் இது? சறுக்குமரம்!"

வாசல் பக்கக் கால்களின் அடியில் போல்ட்டு முடுக்கி உயர்த்தி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவருவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. அதன்மேல் ஒட்டுப்பலகை, பலகைமேல் கண்ணாடி அழுந்தாமல் இருக்கத் தெர்மாகோல், அதற்குமேல் தொட்டி. நான்கு பேர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சுப் பிடித்து நிற்கிறோம், மாமா எங்கள் கால்களுக்கிடையே குனிந்து தெர்மாகோல் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

தண்ணீரை நிரப்பியதும் உட்கார வைத்துச் சொன்னேன். வடிகட்டியை ஓடவிட்டு, சிட்டிகை தீனி போட்டு, சில வாரம் மீன் விடாமல் காத்திருக்க வேண்டும். வடிகட்டியின் பஞ்சில் பழுப்பாக ஒரு வழுவழுப்பு படியும். மீனின் கழிவில் இருக்கும் விஷத்தைத் தின்பதே அதுதான். குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. எப்போதாவது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாக அலசினால் போதும்.

"அழுக்கை வளக்கச் சொல்றியா?"

"அழுக்கு இல்ல மாமா, கிருமி. நல்ல கிருமி."

"கிருமியில நல்லது வேறயா? இதுக்கா உங்கப்பன் உன்னைப் படிக்க வச்சான்?"

ஆனாலும் காத்திருந்தார். அத்தை வர வேண்டுமே. பஞ்சு இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு வாரங்களை ஓட்டினார். பிறகு பத்துத் தங்கமீன் வாங்கி விட்டோம். எல்லாம் கொழுகொழுவென்று நீந்தின. மாமா அத்தைக்குப் போன் போட்டு, "பத்து உசுரு இருக்கு வீட்ல. வந்து எண்ணிப் பாத்துக்க" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே வருவதாகவும், மீன்கள் நன்றாக இருந்தால் தங்கிவிடுவதாகவும் அத்தை சொன்னாள். எனக்கும் வாய் நிறையச் சிரிப்பு.

ஞாயிறு காலையில் நான் போனபோது வாசலிலேயே நாற்றம் அடித்தது. பிளீச்சிங் பவுடரும் அழுகலும் கலந்த வாடை. கூடத்தில் தொட்டித் தண்ணீர் திரிந்த பாலாகக் கலங்கிக் கிடந்தது. மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. சிலவற்றின் மேல்தோல் சளி போல உரிந்து தொங்கியது. இரண்டு மட்டும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. கொல்லைக் கொடியில், கிளிப் மாட்டி, பல் விளக்கினது போல வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது அந்தப் பஞ்சு.

"எப்ப கழுவுனீங்க?"

"வெள்ளிக்கிழமை. கல்லையும் எடுத்து ஊற வச்சுத் தேச்சேன். பாசி பிடிச்சிருந்துச்சுடா, பாக்கவே சகிக்கல."

தொட்டிக்கு மாற்ற, குளோரின் போகட்டும் என்று வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீருக்கு அந்த இரண்டையும் மாற்றினேன். செத்ததைக் கையால்தான் அள்ள வேண்டியிருந்தது. விரலிடுக்கெல்லாம் வழவழத்தது. மாமா இரண்டு கையுறை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, இடுக்கியோடு எட்டடி தள்ளியே நின்றார்.

அப்போதுதான் அத்தை பையோடு உள்ளே வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"என்னத்தைப் போட்டுக் கழுவுனீங்க?"

"நீ வரேன்னு சொன்ன. அழுக்கா இருக்கிற வீட்டுக்கா உன்னைக் கூப்பிடுவேன்?"

"நான் வரேன்னா எட்டு உசுரு போகணுமா?"

"மீன்தானே அதெல்லாம்? வேற வாங்கிக்கலாம். நீ முதல்ல காலைக் கழுவிட்டு வா."

அத்தை வாசல் பக்கம் திரும்பினாள். "டேய், அந்த வாளியைத் தூக்கு" என்றாள் என்னிடம். பேருந்து நிறுத்தம்வரை நான் வாளியைச் சுமந்தேன். மகள் வீட்டுக்கே திரும்பிப் போனாள், மடியில் இரண்டு மீனோடு.

கொஞ்ச நாள் கழித்து, வேறு வழியில்லாமல், மாமாவைப் பார்க்கப் போனேன். தொட்டி அங்கேயேதான் இருந்தது. விளக்கு எரிந்தது. தண்ணீர் நிரம்பியிருந்தது, கண்ணாடிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாத தெளிவு. உள்ளே கல் இல்லை, செடி இல்லை, ஒரு புழு பூச்சி இல்லை. மாமா அதன் முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீன் ரெண்டும் நல்லாருக்காம். பேரன் பாத்துப் பாத்துச் சிரிக்கிறானாம்" என்றார். பிறகு தொட்டியைக் காட்டினார். "இப்பதான் மாப்ள கண்ணுக்குக் குளுமையா இருக்கு. அவ வந்து இதைப் பாத்தான்னா, திரும்பிப் போகவே மாட்டா."

செத்த மீனை அள்ளியபோது எனக்கு வாந்தி வரவில்லை. அந்தத் தெளிந்த தண்ணீரைப் பார்த்ததும் வந்தது. தெருவுக்குப் போய்க் காறித் துப்பினேன்.